பூட்டாத மருந்து பீரோ

அப்பாதுரை பல் துலக்கப் போன நேரம் பார்த்து, நர்ஸ் மங்கையர்க்கரசி அவருடைய தலையணையைப் புரட்டினாள். மெத்தைக்கு அடியில் கைவிட்டுத் துழாவினாள். ஒன்றும் இல்லை.

விடியற்காலையில், கருட சேவைப் பெருமாள் தெருமுனைக்கு வந்துவிட்டார் என்றதும் போட்டது போட்டபடி ஓடியவள் அவள். மருந்து பீரோவைப் பூட்டவில்லை. சாவி அதிலேயே தொங்கியது. கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தால், தூக்க மாத்திரை பாட்டிலைக் காணோம்.

சின்ன காஞ்சிபுரத்தில் எட்டே படுக்கை கொண்ட நர்சிங் ஹோம் அது. எழுந்து நடமாடும் நோயாளி, குடலிறக்க ஆபரேஷன் முடிந்த அப்பாதுரை ஒருவர்தான். வாலாஜாபாத்திலிருந்து மகன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "எமனுக்கு என் வெலாசம் தெரியல போல" என்று நேற்றுகூடச் சொன்னார். அவள் சிரித்து வைத்தாள்.

அறை வாசலில் டாக்டர் ஆதிகேசவன் வந்து நின்றார். மனைவி தவறி மாதம்கூட ஆகவில்லை, மழிக்காத முகம்.

"தூக்க மாத்திரை வேற பாட்டில் இருக்குதாம்மா?"

அவள் புரட்டிய தலையணையைச் சரிசெய்தாள். "இல்லைங்க டாக்டர். தீந்துபோச்சு."

அவர் தன் அறைக்குப் போய்விட்டார். பெருமாளைச் சேவித்த வாயால் பொய்யும் சொல்லியாகிவிட்டது. அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

அப்பாதுரை துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். அவள் பொறுக்க முடியாமல் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"பெரியவரே, பீரோவப் பூட்டாம போனது என் தப்பு. அந்த பாட்டில குடுத்துடுங்க. உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா காலத்துக்கும் என் மனசு ஆறாது."

அவர் அவளையே பார்த்தார். பிறகு வேட்டி மடிப்பிலிருந்து பாட்டிலை எடுத்து அவள் கையில் வைத்தார். ஒரு மாத்திரைகூடக் குறையவில்லை.

"நான் பீரோ பக்கமே போவலம்மா," என்றார் தணிந்த குரலில். "நீங்கல்லாம் சாமி பாக்கப் போனப்போ, டாக்டர்தான் இத எடுத்தாந்து அவரு ரூம் மேஜை டிராயர்ல வெச்சாரு; வராந்தாலேர்ந்து பாத்தேன். சம்சாரத்து படத்துக்கு முன்னால உக்காந்து, அழுதுகினே லெட்டர் எழுதிக்கினு இருந்தாரு. அவரு குளிக்கப் போனதும் நான் எடுத்தாந்துட்டேன்."

மங்கையர்க்கரசி திரும்பி டாக்டரின் அறையைப் பார்த்தாள். கதவு சாத்தியிருந்தது.

"ஓடும்மா, அவரத் தனியா வுடாதே."