முப்பத்திரண்டு இஞ்ச்

தையல்காரரின் மனைவிக்கு மூன்று முறை கீமோ ஏற்றியாயிற்று. ஒவ்வொரு முறை வீடு திரும்பியதும் அவர் டேப்பை எடுத்து அவள் மார்பளவைப் பார்ப்பார். அதற்குத் தக்கபடி சட்டையைப் பிடித்துத் தைப்பார். முப்பத்தெட்டு, முப்பத்தைந்து, முப்பத்திரண்டு. மூன்றாம் தடவை தையல் ஊசியைக் கீழே வைத்துவிட்டு முழங்காலில் விழுந்தார்.

"ஆண்டவரே, இந்த முப்பத்திரண்டு இனிக் குறையக் கூடாது. குறைஞ்சா உம்ம வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன், ஆமா!"

அது ஜெபமா மிரட்டலா என்று அவருக்கே தெரியவில்லை.

நான்காம் கீமோவுக்குப் பிறகு அளந்தார். முப்பத்திரண்டு. ஐந்தாவதுக்குப் பிறகும் முப்பத்திரண்டுதான்.

"பாத்தீங்களா, கேட்டுட்டார்ல? நீங்கதான் சும்மா அவர்கிட்ட மல்லுக்கு நிக்கிறீங்க," என்று மனைவி சிரித்தாள். சிரிக்கும்போதே சட்டை தோளில் நிற்காமல் நழுவியது.

அவர் டேப்பைக் கொண்டுபோய்த் துணி வெட்டும் மேஜைமேல் நீட்டினார். சரியாக அறுபது இஞ்ச் மேஜை. அவரே அளவு சொல்லிச் செய்தது. டேப் எப்போதும் விளிம்புக்கு விளிம்பு பொருந்தும். இன்று டேப் முடிந்த பிறகும் ஒரு சாண் மேஜை மிச்சமிருந்தது. டேப்பில் ஒன்று முதல் அறுபது வரை ஓர் எண்கூடக் குறையவில்லை.

டேப்பின் நுனியைப் பிடித்தபடியே மறுபடி முழங்கால் போட்டார். "ஆண்டவரே, நான் கேட்டது..." என்று தொடங்கினார். இந்தத் தடவை எந்த வார்த்தையில் கேட்பது என்று தெரியாமல் வாய் அப்படியே நின்றது.

உள்ளறையில் மனைவி இருமினாள். டேப்பின் பித்தளை நுனி அவர் விரலிடுக்கிலிருந்து மெல்ல நழுவி, மேஜைமேல் இன்னும் ஓர் இஞ்ச் உள்ளே சுருங்கிப் போனது.