பாதி பெட்ரோல் போதும்

ஆறு மணிக்குள் ஒரு ஹைபிரிட் காராவது விற்காவிட்டால் சீட்டைக் கிழித்துவிடுவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். ஷோரூமுக்கு வந்தவரிடம் விற்பனையாளர் உயிரைக் கொடுத்துப் பேசினார்.

"பெட்ரோல் விலை இனிமே இறங்காதா தம்பி?"

"சத்தியமா இறங்காது சார். இந்த வண்டிக்குப் பாதி பெட்ரோல் போதும்."

"புதுப் புகைச் சட்டம்?"

"ஜனவரியில வருது. பழைய வண்டியெல்லாம் ஓரங்கட்ட வேண்டியதுதான். ஊரே ஹைபிரிட்டுக்கு மாறிடும்."

"அப்ப முடிவு பண்ணிட்டேன்."

விற்பனையாளர் பேனாவை நீட்டினார்.

"எதிர் பெட்ரோல் பங்க்ல இருபது வருஷமா வேலை பார்க்கிறேன். நீங்க சொல்றதைப் பார்த்தா இனி அங்க பொழப்பு ஓடாது. இங்க ஏதாவது வேலை காலியிருக்கா தம்பி?"

விற்பனையாளர் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்தே முக்கால்.

"கால் மணி நேரம் உட்காருங்க சார், ஒண்ணு காலியாகும்" என்றார்.