கொழும்புச் செடிக்குத் தண்ணீர்

கத்திரிச் செடிகளுக்குத் தினமும் நாலு குடம் தண்ணீர். கொழும்புச் செடிக்கு ஒரு டம்ளர். அதுவும் நாலு நாளைக்கு ஒரு தடவை.

அமிர்தலிங்கம் பத்து நாளாகப் பார்த்துவிட்டான். தன் செடி என்றால் கொளஞ்சியம்மாளுக்கு உயிர். அடுத்தவர் செடி என்றால் இளப்பம்.

அவன் அரியலூர் ஸ்டேஷனில் கூட்ஸ் குமாஸ்தா. கொளஞ்சியம்மாள் வீட்டின் பின்பாதியில்தான் குடியிருந்தான். கொல்லையும் கிணறும் இரண்டு வீட்டுக்கும் பொது.

கொழும்புச் செடி அவன் மனைவி கண்ணகியுடையது. அகன்ற பச்சை இலை, இலை முழுக்க வெள்ளைப் புள்ளி. பூக்காது, காய்க்காது. கொழும்பில் ஜவுளிக்கடையில் வேலை பார்த்த அவள் அப்பா, போன வருஷம் அங்கே ஜப்பான்காரன் குண்டு போட்டதும், ஒரு தகரப் பெட்டியோடும் இந்தத் தொட்டியோடும் ஊர் வந்து சேர்ந்தார். நாலாம் மாசம் காய்ச்சலில் போய்விட்டார். அவர் நினைவாக அவளிடம் இருந்தது இந்தச் செடி ஒன்றுதான்.

தலைப் பிரசவத்துக்கு உடையார்பாளையம் கிளம்பும்போது, கண்ணகி தொட்டியைக் கொளஞ்சியம்மாளிடம் ஒப்படைத்தாள். புருஷன் பக்கத்தில்தான் நின்றான். "உங்களுக்கு மறந்துபோயிடும்" என்று சிரித்தபடி பஸ் ஏறிவிட்டாள். அது அவனுக்குச் சுருக்கென்று தைத்தது.

ஒருநாள் கொளஞ்சியம்மாளிடம் மெதுவாகக் கேட்டும் பார்த்தான். சித்திரை வெயில் இப்படிக் கொளுத்துகிறதே, இதற்கும் ஒரு சொம்பு ஊற்றினால் என்ன?

அவள் கத்திரிக்கு எரு வைத்துக்கொண்டே சொன்னாள்.

"கத்திரி வெயில்ல நிக்கிற செடி, தம்பி. எருவும் கேக்கும், தண்ணியும் கேக்கும். அது அப்படி இல்ல. நெழல்ல சும்மா வுட்டாப் போதும். மண்ணு காஞ்சப்புறம்தான் ஊத்தணும்னு கண்ணகி சொல்லிட்டுப் போயிருக்கு."

சும்மா விடுவதற்கு நல்ல சாக்கு என்று நினைத்துக்கொண்டான்.

மறுநாளிலிருந்து, விடியற்காலையில் டூட்டிக்குக் கிளம்புமுன் ஒரு சொம்புத் தண்ணீரைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டுப் போனான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கை எருவும் போட்டான். யாருக்கும் சொல்லவில்லை. தான் ஊற்றும் தண்ணீரில்தான் செடி பிழைத்துக் கிடக்கிறது என்று மனசுக்குள் ஒரு பெருமை. அவன் தனியாக இருக்கிறானே என்று கொளஞ்சியம்மாள் அனுப்பிய கத்திரிக்காய்க் குழம்பைச் சாப்பிடும்போதுகூட, நாலு குடம் தண்ணீர்தான் நினைவுக்கு வந்தது.

வைகாசியில் இலை மஞ்சளாகத் தொடங்கியது. அவன் இரண்டு சொம்பாக்கினான்.

ஆனி மாசம் ஒருநாள் தண்டு குழைந்து செடி சாய்ந்து கிடந்தது.

அன்றே கண்ணகிக்குக் கடிதம் போட்டான். நம்பிக் கொடுத்தாயே, அந்த அம்மாள் கவனிக்காமல் செடியைக் கொன்றுவிட்டாள் என்று எழுதினான். சொம்பைப் பற்றி எழுதவில்லை.

ஆவணியில் கண்ணகி பெண் குழந்தையோடு வந்து இறங்கினாள். கொளஞ்சியம்மாள் ஆரத்தி சுற்றிவிட்டு, குழந்தையை வாங்கக் கையை நீட்டினாள். கண்ணகி கொடுக்கவில்லை. நேரே கொல்லைக்குப் போய் வெறும் தொட்டியைப் பார்த்தாள். அடிமண்ணைக் கிளறிப் பார்த்துவிட்டு, வேர் அழுகியிருக்கிறதே, இப்படித் தண்ணீர் ஊற்றியது யார் என்று கேட்டாள்.

அமிர்தலிங்கம் பார்வையைக் கிணற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"நான்தான்" என்றாள் கொளஞ்சியம்மாள். "காஞ்சிடப் போவுதேன்னு பயந்து ஊத்திட்டேன். தப்புதான், கண்ணு."

பிறகு மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய் ஒரு மண்சட்டியை எடுத்து வந்தாள். சாய்ந்த செடியில் அழுகாத நுனியை வெட்டி மணலில் ஊன்றி வைத்திருந்தாள். அதில் புள்ளி வைத்த புது இலை ஒன்று சுருள் பிரிந்துகொண்டிருந்தது.

கண்ணகி ஒரு கையால் சட்டியை வாங்கிக்கொண்டாள். குழந்தையோடு உள்ளே போய்விட்டாள்.

தான் ஊற்றிய டம்ளர் தண்ணீரில்தான் செடி அழுகிவிட்டது என்று இந்த அம்மாள் நம்புகிறாள் போலிருக்கிறது. அமிர்தலிங்கத்துக்கு முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் காலி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அவள் கத்திரிப் பாத்திக்குத் திரும்பிப் போனதைப் பார்த்ததும் அங்கேயே நிற்க முடியவில்லை. பின்னாலேயே போனான்.

"அக்கா, அந்தத் தண்ணி..."

அவள் களை பறித்துக்கொண்டே இருந்தாள். நிமிரவில்லை.

"மண்ணு காயவே இல்லையேன்னு, நான் ஊத்துறத வைகாசியிலயே நிறுத்திட்டேன், தம்பி. அப்புறமும் ஈரமா இருந்துச்சு. யாருன்னு தெரியாம முழிச்சேன். ஒருநாளு விடியக்காலையில நீங்க சொம்போட வந்ததப் பாத்தேன். பாத்த அன்னிக்கே தண்டு கொழஞ்சு போச்சு."

அவன் வரப்பில் உட்கார்ந்துவிட்டான்.

"தெரிஞ்சுமா உங்க மேல போட்டுக்கிட்டீங்க?"

"நீங்களும் அது பொழைக்கணும்னுதான ஊத்துனீங்க? எம்மேல கோவம்னா கண்ணகி நாலு நாளு பேசாம இருக்கும், அப்புறம் வந்துடும். அப்பா செடிய நீங்க அழுக வச்சீங்கன்னு மனசுல விழுந்துட்டா, ஒரே வூட்டுக்குள்ள எப்புடி இருப்பீங்க? பச்சப்புள்ளக்காரி. போங்க, போயி புள்ளயத் தூக்குங்க."

அமிர்தலிங்கம் எழுந்து உள்ளே போனான். கண்ணகி புதுச் சட்டியை ஜன்னல் ஓரம் நிழலில் வைத்துவிட்டு, குழந்தையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள்.

அவன் அவள் எதிரில் உட்கார்ந்தான்.

"குழந்தைய எடுத்துட்டுப் போயி அக்கா கையில குடு, கண்ணகி. செடிய அழுக வச்சது நான்."