பெரிய டீச்சரின் சுருதி

சலவைக்கூடத்துச் சன்னலில் பிற்பகல் வெயில் ஆவியோடு கலந்து மங்கிக் கிடக்கிறது. நானூறு வருஷத்துப் பழைய இசையை இங்கே துவைக்கிற பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்த அக்கா தங்கைக்குப் பாராட்டு விழா. அக்கா போன மாதம் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவளுடைய நாற்காலியில் அவள் வாசித்த லூட் என்கிற ஐரோப்பிய நரம்பு வாத்தியம் சாய்ந்திருக்கிறது. பக்கத்தில் தங்கை மரம்போல் உட்கார்ந்திருக்கிறாள். விழாத் தலைவர் பழக்கதோஷத்தில் இருவரையும் நீடூழி வாழ வாழ்த்திவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்கிறார். கைதட்டல் தங்கைக்குப் பக்கத்து வீட்டுச் சத்தம்போல் கேட்கிறது. மடியில் பூங்கொத்து எப்போது வந்தது? வாசிப்பதற்கு முன் எல்லாரும் தங்கள் லூட்டை அக்காவின் சுருதிக்குச் சேர்ப்பதுதான் வழக்கம். இஸ்திரி போடுகிறவள் குனிந்து, நாற்காலியில் இருக்கும் லூட்டின் நரம்பை மீட்டிப் பார்க்கிறாள். ஒரு மாதமாக யார் கையும் படாத ஆட்டுக்குடல் நரம்பு தொய்ந்து முனகுகிறது. “டீச்சர், பெரிய டீச்சரோடது ரொம்ப இறங்கிப் போச்சு. ஏத்திடட்டுமா?” தங்கை அந்த நரம்பையே பார்க்கிறாள். “வேணாம்மா. அதுல கை வைக்காதே.” பூங்கொத்தைத் தரையில் வைத்துவிட்டுத் தன் லூட்டை எடுத்து, நரம்பின் முறுக்காணியைத் தளர்த்தி, அக்காவின் சுருதிக்கு இறக்குகிறாள். பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கிறார்கள். பிறகு கூடம் முழுக்க ஒவ்வொரு முறுக்காணியாகக் கிறீச்சிட, சுருதி இறங்குகிறது.