அழுகைப் பொம்மை

எங்கள் கண் வார்டுக்கு வரும் கைக்குழந்தைகளெல்லாம் தூளியிலிருந்துதான் விழுகின்றன. ஊரில் சேலைகளின் தரம் அவ்வளவு மோசம். தணிகைவேலும் அதையேதான் சொன்னான். நாலு மாத மகளின் விழித்திரை முழுக்க ரத்தத் திட்டுகள். விழுந்தால் அப்படி வராது.

"பூ மாதிரி பாத்துக்குவாரு சிஸ்டர்," என்றாள் மனைவி அமுதவல்லி.

குழந்தையின் எடையிலேயே செய்த, அழுகிற பொம்மையை அவனிடம் நீட்டினேன். "அழுகைய நிறுத்துங்க சார்."

தாலாட்டினான், விசிலடித்தான், கிலுகிலுப்பை ஆட்டினான். பொம்மை விடுவதாயில்லை. நாற்பதாவது நிமிடம் தோளைப் பிடித்து உலுக்கினான். அடங்கியது. அதன் கண்ணாடிக் கண்களுக்குள்ளும் அதே திட்டுகள் சிவப்பு விளக்குகளாய்ப் பரவின.

"பாத்தீங்களா? நம்மகிட்ட எப்பவும் அடங்கிரும்," என்றான் பெருமையாக.

அமுதவல்லி பொம்மையை வாங்கி, பழகிய கையோடு, அதன் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள்.