லேசான கேமரா

கடையில் எடுத்துப் பார்க்கும் ஆறாவது கேமராதான் தையற்காரியின் சந்தேகத்தைக் கிளப்புகிறது. போன வருடம் விழுந்து மணிக்கட்டு நொறுங்கியதிலிருந்து அவளுடைய வலதுகை விரல்கள் பாதிதான் மடங்குகின்றன. முந்தைய ஐந்தும் கண்ணருகே போவதற்குள் நழுவின. இதுவோ மேசையிலிருந்து தூக்கும்போது கல்லாய்க் கனக்கிறது, கண்ணில் வைத்ததும் பஞ்சாகிவிடுகிறது. “அதெப்படி?” என்கிறாள். “புது மாடல்க்கா, பிடிக்கப் பிடிக்கப் பழகிடும்,” என்று கடைக்காரர் குழைகிறார். அவளை ஒட்டி நிற்கும் அவள் தம்பி மின்விசிறியைப் பார்க்கிறான். ஊசியில் நூல் கோப்பவள்போல் கண்ணைச் சுருக்கி இருவரையும் ஏற இறங்கப் பார்க்கிறாள். மறுபடி கேமராவைக் கண்ணில் வைத்து, தெருவெயில் தெறிக்கும், தூணில் பதித்த கண்ணாடிப் பக்கம் சட்டென்று திரும்பி, விறைத்த சுட்டுவிரலால் பொத்தானை அழுத்துகிறாள். திரையில் அவளே நிற்கிறாள்: கேமரா மறைத்த பாதி முகம், மடங்காத விரல்கள், அவற்றுக்குக் கீழே லென்ஸைத் தாங்கிப் பிடிக்கும் தம்பியின் இரண்டு விரல்கள். அவனும் எட்டிப் பார்த்துக் கையைப் பின்னால் இழுத்துக்கொள்கிறான். “வீட்டுக்கு வெறுங்கையோட போனா நீ நொந்துக்குவியேன்னுதான்க்கா…” அவள் கேமராவை மெதுவாக மேசையில் வைக்கிறாள். “அடுத்ததைக் காட்டுங்க,” என்கிறாள் கடைக்காரரிடம். “இவன் கையைக் கட்டிக்கிட்டு நிப்பான்.”