மாமியார் அறையில் மட்டும் கோடை

“எங்கம்மாவை வேக வச்சே துரத்திடலாம்னு பாக்குறீங்களா?” என்று மனைவி கேட்டாள். மாமியார் அறையில் கணவன் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

குடிவந்து மூன்று மாதம்கூட ஆகாத வீடு. கூரைக்குள் ஓடும் குழாய்தான் எல்லா அறைக்கும் ஏசி காற்றைக் கொண்டுபோகிறது. ஹாலில் உட்கார்ந்தால் பல் தந்தியடிக்கும். மாமியார் அறையில் நுழைந்தால் சட்டை தொப்பலாகிவிடும்.

புது வீட்டை நாலு நாள் பார்த்துவிட்டுப் போக வந்தவர் மாமியார். இரண்டு மாதமாக, மகள் துணி மடிப்பதிலிருந்து தும்முவதுவரை எல்லாவற்றையும் திருத்திக்கொண்டு இங்கேயே இருக்கிறார். முதல் இரண்டு வாரம் அந்த அறையும் ஜில்லென்றுதான் இருந்தது.

பழி முழுக்க மருமகன் தலையில். போனில் கூப்பிடும் சொந்தக்காரர்களிடமெல்லாம் மாமியார், “பாவம் மாப்பிள்ளை, வாயத் தொறந்து கெளம்புங்கன்னு சொல்ல மாட்டாரு. ரூம் சொல்லுது” என்று பெருமூச்சு விட்டார். இனி எந்த விசேஷத்தில் யார் முகத்தில் முழிப்பது? மெஷினில்தான் கோளாறு என்று மெக்கானிக் வாயால் ஒரு வார்த்தை வந்தால் போதும் என்று அவனே ஆளைக் கூட்டிவந்திருந்தான்.

“மேல ஏற வழி எங்க சார்?” என்றார் மெக்கானிக்.

அவன் கூரையை அண்ணாந்து தேடினான்.

“பாத்ரூம்ல, கீசருக்கு மேல ஒரு பலகை இருக்கு. லேசாத் தூக்கிட்டு இடது பக்கம் தள்ளுங்க” என்றாள் மனைவி. “சொந்த வீட்ல எது எங்க இருக்குன்னுகூட இவருக்குத் தெரியாது.”

மெக்கானிக் ஏறினார். கால் மணி நேரம் கழித்துத் தலையெல்லாம் தூசியாக இறங்கியவர், சுருட்டிய கம்பளி ஒன்றைக் கீழே போட்டார்.

“மெஷின் நல்லாத்தான் இருக்கு. இந்த ரூமுக்குப் போற குழாய்க்குள்ள யாரோ இதை அடைச்சு வச்சிருக்காங்க.” அந்த ‘யாரோ’வை அவர் அவனைப் பார்த்தே சொன்னார்.

“சத்தியமா நான் இல்ல, அத்தை.”

“விடுங்க மாப்பிள்ளை, நான் மனசுல வச்சுக்கல” என்றார் மாமியார், குளிர்ந்த காற்றுக்கு நேராக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு. “இப்பத்தான் சுகமா இருக்கே. இன்னும் ஒரு ஆறு மாசம் இருந்துட்டே போறேன்.”

மனைவி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “உங்க மூஞ்சியப் பாக்கவே பிடிக்கல. போய் அவருக்குக் குடிக்கத் தண்ணியாவது கொண்டாங்க.”

அவன் சமையலறைக்குப் போனான். மெக்கானிக்கே நம்பவில்லை, இனி யார் நம்புவார்கள்?

தண்ணீரோடு திரும்பியபோது பாத்ரூம் கதவு பாதி சாத்தியிருந்தது. பலகையை மூட மெக்கானிக் மறுபடி ஏணியில் நின்றார். கீழே மனைவி, கம்பளியை அவரிடம் நீட்டிக்கொண்டிருந்தாள்.

“அண்ணா, இந்தத் தடவை இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளி வச்சிடுங்க.”